சுனாமி குடியிருப்புகளைப் புதுப்பித்தல்: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

மணக்குடி வாசகி:
எங்கள் குடியிருப்பைப் புதுப்பிக்கக் கணக்கெடுக்க வந்த நாள் இன்னும் மனதை உறுத்துகிறது. 2004 டிசம்பர் 26-க்குப் பின் கட்டித் தந்த, 325 சதுர அடிகூடத் தாண்டாத அந்த வீடுகளின் நிலை இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். பொறியாளர் சிறு சுத்தியலால் கூரையின் அடிப்பக்கத்தைத் தட்டினார். மறு தட்டில் காரை பெயர்ந்து விழ, துருவேறிய கம்பி தெரிந்தது. அடுப்படியில் நின்ற என் மைனி (அண்ணி) அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இடிக்கணும்னா இடியுங்க சார், இதே இடத்துல திரும்பத் தருவோம்னு எழுதித் தருவியளா?” என்று கேட்டார். பதில் சொல்லாமலே பொறியாளர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். கடலோரத்து 200 மீட்டருக்குள் இருந்த பழைய மனையை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மைனி இந்த வீட்டைப் பெற்றார்; இதுவும் போனால் அவருக்கு வேறு மண் இல்லை.

குளச்சல் அன்பர்:
அளவெடுக்க வந்தவரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எழுதித் தரும் அதிகாரம் அவருக்கு இல்லை. மீனவர் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமே கேட்டிருக்க வேண்டும். எங்களிடம் அடுக்குமாடி வரைபடத்தை விரித்தபோது, ஒரு பெரியவர் ஈரம் காயாத வலையைத் தோளிலிருந்து அதன்மேலேயே இறக்கி, “இத எந்தப் படி வழியா ஏத்தணும்?” என்றார். அதன் பிறகுதான் வலை வைக்கும் இடத்தைப் பற்றிப் பேச்சே தொடங்கியது.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்:
புதுப்பித்ததாகச் சொல்லப்பட்ட ஒரு வீட்டில், புதுச் சாயத்தின் மேலேயே துருக்கறை கோடாக இறங்கியிருந்ததைக் கண்டேன். சகோதரி கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். உப்புக் காற்றின் குளோரைடு காங்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியை அரிக்கிறது; துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் காங்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே சிமெண்டு பூசினால் பிளவு மறையுமே தவிர, அரிப்பு நிற்காது. கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துருவை முழுவதும் நீக்கி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டிய பிறகே பூச வேண்டும்; பூச்சுக்கு முன் அந்தக் கம்பியை நீங்களே நேரில் பாருங்கள். கூரை முழுவதும் பொள்ளலாக ஒலித்தால் இடித்துக் கட்டுவதே நல்லது. அப்படியானால், குளச்சல் அன்பர் என்ன சொன்னாலும், உங்கள் மைனி கேட்டது சரியான கேள்விதான்: மனை எண்ணைக் குறிப்பிட்டு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுத்துப்பூர்வ உறுதி கைக்கு வரும்வரை சாவியைக் கொடுக்க வேண்டாம்.