டெனர், பஸாஜியோ: வெள்ளிக்குள்ள தமிழ் வேணும்

கொட்டகலை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை நம்ம சேர்ச் ஹோல்ல ஒரு தம்பி பாடுறான், 22 வயசு, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, கொழும்புல மேல்நாட்டுச் சங்கீதம் படிக்கிறான், குரல் டெனர், ஆம்பளைக் குரல்ல உயரமான வகை. நிகழ்ச்சி நிரலுக்கு அரைப் பக்கம் விளக்கம் எழுதுற வேலைய என் தலையில கட்டிட்டாங்க, வெள்ளிக்கிழமை பிரஸ்ல குடுக்கணும். நேத்து ஒத்திகைக்குப் போனேன். தகரக் கூரையில மழை கொட்டுது, மைக் இல்ல, கடைசி பெஞ்சுல இருந்த எனக்கு எழுத்து எழுத்தா கேக்குது, அதுவும் இத்தாலிய பாஷை. மேல ஏறுறப்ப நாடிய தூக்கல, கழுத்து நரம்பு புடைக்கல, விலா ரெண்டு பக்கமும் விரியிறது சட்டைக்கு மேலயே தெரியுது. ஒரு இடத்துல 'ஆ' லேசா 'ஓ' பக்கம் சாஞ்சிச்சு, பிழை விட்டுட்டான்னு நெனச்சு கேட்டா, "மிஸ், அது பஸாஜியோ, அங்கயும் வாயத் தொறந்துக்கிட்டே போனா கத்தலா போயிரும்"ங்கிறான். இந்த ரெண்டுக்கும் தமிழ் சொல்லுங்க.

கண்டி:
டெனர டெனர்னே போடுங்க மிஸ். வயலினுக்கு என்ன தமிழ் போட்டோம், ஹார்மோனியத்துக்கு என்ன போட்டோம்? சனம் பாட்டுக் கேக்க வருது, அகராதி பாக்க வரல.

பதுளை ஐயா:
கண்டியார் எப்பவும் இப்பிடித்தான். டெனர் லத்தீன்ல 'பிடிச்சிருக்கிறது'ங்கிற வினையில இருந்து வந்தது. இடைக்காலத்து தேவாலயப் பாட்டுல மூல மெட்ட நீட்டிப் பிடிச்சிருந்த குரலுக்குத்தான் அந்தப் பேர், மத்தக் குரல் எல்லாம் அதச் சுத்தி ஓடும். நமக்கு 'ஏந்து'ன்னு ஒரு வினை இருக்கு, தாங்குறதும் அதுதான், உயர்ந்து நிக்கிறதும் அதுதான், ஏந்தல்னா உயரம். ஒரே சொல்லுல பழைய பொருளும் வந்திருச்சு, இன்னைக்கு டெனர் ஆம்பளைக் குரல்ல மேல் வரிசையா நிக்கிறதும் வந்திருச்சு. அதால 'ஏந்திசை'.

பண்டாரவளை:
ஐயா மன்னிக்கணும், ஏந்திசை ஏற்கனவே யாப்புல இருக்கே, ஏந்திசைச் செப்பல், தூங்கிசைச் செப்பல், ஒழுகிசைச் செப்பல். வெண்பா படிக்கிற ஏ.எல். பிள்ளை குழம்பிரும்.

பதுளை ஐயா:
வெண்பா படிக்கிற பிள்ளை இன்னும் இருக்குதேன்னு சந்தோஷம். சரி, 'ஏந்துகுரல்'.

கண்டி:
ஏழு சுரத்துல முதலாவதுக்கே குரல்னுதான் பேரு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். சுரத்துக்கு வச்ச பேர ஆளுக்கு வைக்கிறீங்க. சும்மா சொன்னேன், சண்டைக்கு வராதீங்க.

(இதுக்கப்புறம் அந்தக் 'குரல்' சட்ஜமா மத்திமமான்னு ஒம்பது மடல் போச்சு. சிலப்பதிகாரம் வந்துச்சு, விபுலாநந்த அடிகளோட யாழ் நூல் வந்துச்சு, டெனர் வரல.)

கொட்டகலை டீச்சர்:
ஐயா, இன்னைக்கு புதன்.

பண்டாரவளை:
நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன், என் பங்குக்கு ஒண்ணு. மழைக்கு மேல அவன் குரல் கேட்டது சத்தத்தால இல்ல. பயிற்சி எடுத்த குரல்ல 3000 ஹேர்ட்ஸ் மீடிறன் பக்கத்துல பரிவு, அதாவது ஒத்ததிர்வு, குவியும், சுவீடன்காரர் ஜொஹான் சுண்ட்பெர்க் அளந்து காட்டினது. ஒபெரா வாத்தியக் கூட்டத்துக்கு பலம் 500 பக்கத்துல, 3000ல அது மெலிஞ்சிரும், அந்த இடைவெளிக்குள்ளால குரல் வெளிய வந்துரும். இத்தாலிக்காரங்க ஸ்குயில்லோம்பாங்க. நமக்கு 'கணீர்' போதும், புதுசா ஒண்ணும் வேணாம்.

பதுளை ஐயா:
கணீருக்கு என் முழு ஓட்டு. மீடிறன்னு எழுதினதுக்கும் நன்றி, இந்தியாவுல அதிர்வெண்ம்பாங்க. மீள்+திறன், நெட்டெழுத்துக்குப் பின்னால ளகரம் கெட்டு தகரம் டகரமாச்சு. என்ன அழகான புணர்ச்சி!

ஹட்டன் பிரஸ்:
வணக்கம், நான்தான் அடிக்கப் போறவன். சொல்லு சின்னதா இருந்தா நல்லது, பந்தி ஒடுக்கம். பஸாஜியோ முடிஞ்சிச்சா?

பண்டாரவளை:
பஸாஜியோன்னா கடக்குற வழி. நெஞ்சுல அதிர்ற குரல் தலைக்கு மாறுற இடம், டெனருக்கு ஏறக்குறைய 300ல இருந்து 400 ஹேர்ட்ஸுக்குள்ள வரும். 'கணவாய்' போடலாம், ரெண்டு மலைக்கு நடுவுல உள்ள வழி, நம்ம ஊருக்குப் பொருத்தம், கடுகண்ணாவையப் பாக்காதவன் யாரு?

கண்டி:
கணவாய்னா எனக்கு பிரட்டல் கறிதான் ஞாபகம் வருது. 'கடவை' போடுங்க.

ஹட்டன் பிரஸ்:
கடவைன்னா ரோடு கடக்குற மஞ்சக் கோடு.

பதுளை ஐயா:
தொல்காப்பியர் பிறப்பியல்ல முதல் நூற்பாவுலயே சொல்லிட்டார், உந்தியில இருந்து வர்ற காத்து தலையிலயும் மிடற்றுலயும் நெஞ்சுலயும் நிலைபெறும்னு. நெஞ்சுக்கும் தலைக்கும் நடுவுல இருக்கிறது மிடறு. அதனால 'மிடற்றுவழி'.

கொட்டகலை டீச்சர்:
ஐயா அது அழகுதான், ஆனா வாசிக்கிறவங்க தொண்டை வலின்னு நெனப்பாங்க. தம்பிகிட்டயே கேட்டேன், அவங்க அப்பா லொறி ஓட்டுறவர், "கியர் மாத்துற இடம்னு சொல்லுங்க மிஸ், ஏத்தத்துல எஞ்சின் முக்க முந்தி மாத்திறணும், மாத்தினது பின்னால உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியக்கூடாது"ன்னான். நம்ம காமன் கூத்துப் பாட்டுக்காரர் மாத்தவே மாட்டார், நெஞ்சோடயே உச்சிக்கு இழுப்பார், விடிய விடிய பாடி காலையில தொண்டை கட்டிக்கும். அதுலயும் ஒரு அழகு இருக்கு, இல்லேங்கல.

கண்டி:
1837ல பாரிஸ்ல டூப்ரேன்னு ஒரு டெனர் அப்பிடித்தான் மேல் ஸிங்கிற சுரத்த நெஞ்சோட இழுத்துப் பாடினாராம், ஒரு கட்டையில பாடுற ஆம்பளைக்கு அது ஆதார சட்ஜத்துக்கு ரெண்டு ஸ்தாயி மேல. அதுக்கு முந்தி அந்த உயரத்த தலைக்குரல்லதான் மெல்லிசா தொடுவாங்க. சனம் கூத்தாடிச்சு, மெட்டுப் போட்ட ரோசினிக்கு மட்டும் கழுத்தறுத்த சேவல் ஞாபகம் வந்துச்சுன்னு ஒரு கதை.

ஹட்டன் பிரஸ்:
நேத்து ராவே அடிச்சி முடிச்சிட்டேன். மேல பெரிய எழுத்துல டெனர், கீழ சின்னதா ஏந்துக்குரல், பஸாஜியோவுக்கு 'குரல் மாறும் இடம்'. 300 பிரதி. மிஸ் பாத்து சரின்னு சொன்னாங்க.

பதுளை ஐயா:
ஏந்துகுரல் வினைத்தொகை. வல்லினம் மிகாது. 300 பிரதியிலயும் அந்த 'க்' இருக்கா?