பழைய செயின்சோ சூடாகினா நிண்டு போகுது, கொயில்தானா? உதவி தேவை

உப்புவெளியான்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா மரக்காலையில நிண்ட காலத்தில வாங்கின செயின்சோ ஒண்டு வீட்டில கிடக்கு, 60 சிசிக்குக் கொஞ்சம் கூட வரும், 25 வருசத்துக்கு மேற்பட்ட சாமான். கூரைப் பக்கமாச் சாஞ்சு நிக்கிற வேப்பங்கொப்புகளை மாரிக்கு முதல் இறக்குவம் எண்டு எடுத்தா, ஆறின மெஷின் நாலாவது இழுவையில ஸ்டார்ட் வருது, பத்து நிமிசம் நல்லா வெட்டுது, பிறகு நிண்டு போகுது, எவ்வளவு இழுத்தாலும் மூச்சில்லை, அரை மணித்தியாலம் நிழல்ல வைச்சிட்டு வந்தா ஒண்டும் நடக்காத மாதிரி திரும்ப ஸ்டார்ட். பிளக் புதுசு, ஏர் பில்டர் கழுவியாச்சு. டவுண்ல ஒரு கடையில காட்டினன், கழட்டிக்கூடப் பாக்காம கொயில் (பிளக்குக்கு நெருப்புப் பொறி குடுக்கிற சாமான்) மாத்தோணும் எண்டிட்டினம், விலையைக் கேட்டதோட மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன். உண்மையிலேயே கொயில்தானா, நானே பாக்க வழி இருக்கா?

கந்தளாய் வயல்காரன்:
கொயில்தான் ப்ரோ. என்ட தண்ணி மோட்டருக்கும் இதே கதை. மாத்துங்க, வேலை முடிஞ்சுது.

பழைய ஸ்பானர்:
தம்பி, காசைக் கொட்ட முதல் ஒண்டு சொல்லுங்கோ. நிக்கேக்க எப்பிடி நிக்குது? சுவிட்சை ஓஃப் பண்ணின மாதிரி டக்கெண்டா, இல்லாட்டி முதல்ல சத்தம் கீச்செண்டு ஏறி பிறகு இழுபட்டு அணையுதா?

உப்புவெளியான்:
ரெண்டாவதுதான் அண்ணை. சத்தம் நல்லா ஏறும், நான் மெஷின் சூடேறி உசாராகிட்டு எண்டு சந்தோசப்பட்டனான்.

பழைய ஸ்பானர்:
அது உசார் இல்லை, பெற்றோல் காணாமக் கத்துற கத்தல். டூ ஸ்ட்ரோக்கில ஒயிலும் பெற்றோலோடதானே உள்ள போகுது, பெற்றோல் குறைஞ்சா ஒயிலும் குறைவு, அப்பிடியே வைச்சு வெட்டிக்கொண்டு இருந்தா ஒருநாள் பிஸ்டன் சிலிண்டரோட இறுகிப் பிடிச்சிடும், பிறகு கொயில் விலையெல்லாம் சும்மா. கொயில் சூட்டில போறதெண்டா அனேகமா டக்கெண்டு நிக்கும்.
அடுத்த தரம் நிண்ட உடன டாங்கி மூடியை மெல்ல மெல்லத் திறவுங்கோ, சைலன்சரில இருந்து தள்ளி, பீடி சிகரெட் கிட்டவும் வேண்டாம். உஸ்செண்டு காத்து உள்ள போற சத்தம் கேட்டா, திருப்பி மூடிப்போட்டு இழுத்துப் பாருங்கோ. ஸ்டார்ட் வந்தா டாங்கிக்குக் காத்து விடுற சின்ன ஓட்டை அடைபட்டிருக்கு. பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து வராட்டி, காபரேற்றரால உறிஞ்ச ஏலாது. அரை மணித்தியாலம் வைக்கேக்க காத்து கசிஞ்சு கசிஞ்சு உள்ள போயிடும், அதுதான் பிறகு ஓடுது. ஆக்கள் அதைச் சூடு எண்டு நினைக்கினம். சத்தம் கேக்காட்டி பிளக்கைக் கழட்டுங்கோ, ஈரமெண்டா நெருப்புப் பக்கம் பிழை, காய்ஞ்சிருந்தா பெற்றோல் பக்கம் பிழை.

கந்தளாய் வயல்காரன்:
காபரேற்றரில பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற எச் ஸ்குரூவ அரை சுத்து திறந்து விட்டா பெற்றோல் கூடப் போகும்தானே, இவ்வளவு வேலை எதுக்கு?

பழைய ஸ்பானர்:
வரவே வழியில்லாத பெற்றோலுக்குக் கதவைத் திறந்து என்ன செய்யிறது? தம்பி, ஸ்குரூவைத் தொடாதீங்கோ.

உப்புவெளியான்:
அண்ணை நீங்க சொன்னது சரி!! மூடியைத் திறக்க சைக்கிள் டியூப் மாதிரி உஸ்செண்டுது, மூடிப்போட்டு ரெண்டாவது இழுவையில ஸ்டார்ட். காத்து ஓட்டைக் குழாய்க்குள்ள மரத்தூளும் ஒயிலும் சேந்து களி மாதிரி இறுகிக் கிடந்தது, கழுவிப் போட்டன். இப்ப 20 நிமிசம் நிக்காம ஓடுது. ஆனா அக்சிலேற்றரை விட்டா உடன இறங்குதில்லை, கொஞ்ச நேரம் சத்தம் மேலயே நிக்குது, செயினும் சுத்துது. இதுக்கு ஸ்குரூ திருப்பலாமா?

கிண்ணியா நானா:
தம்பி, அது எங்கயோ வெளிக்காத்து இழுக்குது. இந்த வயசு மெஷின்ல பெற்றோல் ஹோஸ் முதல்ல போகும். சைக்கிள் கம்பியை வளைச்சு டாங்கிக்குள்ள விட்டு பில்டரைக் கொளுவி வெளிய இழுங்க, ஹோஸைக் கழட்டி ஒரு முனையைக் குறட்டால நசிச்சுப் பிடிச்சு, மத்த முனைக்குள்ள ஊசி சிரிஞ்சால காத்தடிச்சு தண்ணிக்குள்ள வைங்க. டியூப் பஞ்சர் பாக்கிறதுதான், வேற வித்தையில்ல. ஹோஸ் நல்லா இருந்தா காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் இடையில இருக்கிற ரப்பரை மடிச்சுப் பாருங்க. காபரேற்றருக்குள்ள இருக்கிற டயப்ரம் எண்ட மெல்லிய தோலும் வெத்திலை மாதிரி வளையணும், அப்பளம் மாதிரி சத்தம் போட்டா டயப்ரம் கிட் மாத்துங்க. ஒயில் எவ்வளவு கலக்கிறீங்க?

உப்புவெளியான்:
அப்பா மாதிரி ஒரு மூடி, கண்ணளவு 😅

கிண்ணியா நானா:
கண்ணளவு கறிக்கு உப்புப் போட சரி. 50க்கு 1 எண்டு எழுதின நல்ல ஒயிலெண்டா 5 லீற்றருக்கு 100 மில்லி, 25க்கு 1 எண்டு கேக்கிற சாதாரண ஒயிலெண்டா 200. போத்தல்ல எழுதியிருக்கும், பாத்துக் கலங்க.

உப்புவெளியான்:
ஹோஸ் டாங்கிக்குள்ள நுழையிற வளைவில வெடிச்சிருந்தது நானா, தண்ணிக்குள்ள முட்டை முட்டையா வந்தது. புது ஹோஸ், பில்டர், கிட் மூண்டும் போட்டாச்சு, கொயில் கேட்ட காசில கால்வாசிகூட வரேல்லை. எல் (மெதுவா ஓடேக்க பெற்றோல் விடுறது), எச் (வேகமா ஓடேக்க விடுறது) ஸ்குரூ ரெண்டையும் மெல்ல இறுக்கி ஒரு சுத்து வெளிய எடுத்து வைச்சன். அக்சிலேற்றரை விட்டா உடன இறங்குது, செயினும் நிக்குது. வேப்பங்கொப்பு முழுக்க இறக்கியாச்சு, பிளக்கைக் கழட்டினா மண்ணிறமாக் கிடக்கு.

பழைய ஸ்பானர்:
அது நல்ல நிறம், அப்பிடியே விடுங்கோ. சைலன்சரைக் கழட்டி ஓட்டைக்குள்ளால டோர்ச் அடிச்சு பிஸ்டனையும் ஒருக்கா பாருங்கோ, இவ்வளவு நாள் காய்ஞ்சு ஓடினதுக்குக் கீறல் விழுந்திருக்கா எண்டு.

உப்புவெளியான்:
பாத்தன் அண்ணை, ரெண்டு மெல்லிய கோடு, நகத்தில தட்டுப்படுதில்லை. மெஷின் ஓடுற சத்தம் கேட்டு பக்கத்து வீட்டுக்காரர் தன்ர வேலியில நிக்கிற பனையைத் தறிச்சுத் தரச் சொல்லி வந்திட்டார்.

கிண்ணியா நானா:
ஆண் பனையா பெண் பனையா எண்டு முதல்ல கேளுங்க. பெண் பனையெண்டா இலங்கையில 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பெர்மிட் இல்லாம வெட்ட ஏலாது, பலாவும் ஈரப்பலாவும் அப்பிடித்தான். கிராம சேவகரிட்ட அவர் போய் கேட்டிட்டு வரட்டும், நீங்க மெஷினைத் தூக்காதீங்க.