எபாக்ஸி வார்ப்பு: நடுவில் விரிசல், ஓரத்தில் பிசுபிசுப்பு

கேள்வி:
மேசை மேற்பூச்சு எபாக்ஸி, மரத்துண்டின் மேல் 4 செ.மீ. கனம், ஒரே ஊற்று. டப்பாவில் 2:1 என்றிருந்ததால் தராசில் ரெசின் 600 கிராமுக்கு ஹார்ட்னர் (கெட்டியாக்கும் திரவம்) 300. நடுப்பகுதி மஞ்சளாகி வெடித்துவிட்டது, ஓரம் ஒட்டுகிறது. அடுத்த முறை ஹார்ட்னரைக் கூட்டலாமா?

பதில் 1:
கூட்டவே கூடாது. எபாக்ஸியில் இரண்டும் கணக்காகப் பிணைய வேண்டும்; மிஞ்சும் ஹார்ட்னர் உள்ளேயே தங்கி வார்ப்பை இளக்கிவிடும். 2:1 என்பது பெரும்பாலும் கன அளவு. ஹார்ட்னர் அடர்த்தி குறைவு என்பதால் எடையில் 100-க்கு ஏறத்தாழ 43–45தான் வரும், விவரத்தாளைப் பாருங்கள். கப்பின் சுவரில் கலக்காமல் நின்றதை வழித்து ஊற்றினாலும் ஓரம் ஒட்டும். 3 நிமிடம் கலக்கி, வேறு கப்புக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். ஒட்டும் பகுதியைச் சுரண்டி எடுத்து, அசிட்டோனில் துடைத்து, உப்புத்தாள் போட்டு மேலே ஊற்றலாம்.

பதில் 2:
விரிசல், ரெசின் இறுகும்போது எழும் சூட்டின் வேலை; கனமாக ஊற்றினால் அது உள்ளேயே தங்கிவிடும். மேற்பூச்சு வகைக்கு ஒரு அடுக்கு 3–6 மி.மீ. போதும். விரல் வைத்தால் தடம் விழ வேண்டும், ரெசின் கையோடு வரக் கூடாது. அப்போது அடுத்த அடுக்கு. 4 செ.மீ. ஒரே ஊற்றில் வேண்டுமானால் ஆழ வார்ப்பு ரெசின்தான். மரத்துக்கு முதலில் மெல்லிய பூச்சு கொடுங்கள், இல்லையேல் துளைகளிலிருந்து குமிழி வந்துகொண்டே இருக்கும்.

பதில் 3:
கூட்டிக் குறைக்கும் பழக்கம் பாலியெஸ்டர் ரெசினுடையது. அங்கே ரெசினை இறுகச் செய்யச் சேர்க்கும் எம்.இ.கே.பி. (ஒரு பெராக்சைடு) வினையைத் தொடங்கி வைப்பது மட்டுமே, 1–2% போதும். வேகமூட்டியான கோபால்ட்டையும் எம்.இ.கே.பி.யையும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கரைத்துவிடுங்கள்.