கட்டுமரத்துக்கு இங்கிலீஷில் ‘கேட்டமரான்’ போடலாமா?

முட்டம்வாசி: தங்கச்சி காலேஜ் புராஜெக்ட், குளச்சல் பக்கத்து மீன்பிடி கலங்கள் பத்தி. ‘கேட்டமரான்’னு தேடினா சொகுசுப் படகு படமா வருது. எதை எழுதணும்?

கடலோரம்: சொல்லு நம்மளோடதுதான். 1697-ல் வந்த பயண நூலில் இங்கிலாந்துக் கடலோடி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தை அந்தப் பெயரில்தான் சொல்றார். பொருள் பிறகு மாறிச்சு. 1876-ல் நியூயார்க் பந்தயத்தில் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஹெரஷாஃப் கட்டின ‘அமரில்லிஸ்’ ஜெயிச்சது, ரெண்டு உடல் உள்ள பாய்ப்படகு. அந்த வகைக்கு இந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. அந்த வடிவமோ பசிபிக் தீவுக்காரங்களோடது. பெருமை பேசுறவங்க சொல்லோட நிறுத்திக்கணும்!

மரவள்ளி: முதல் தடவை ‘கட்டுமரம்’னு இங்கிலீஷ் எழுத்தில் சாய்வா போட்டு, பக்கத்தில் ‘லாக் ராஃப்ட்’னு விளக்கம். அப்புறம் கட்டுமரம் மட்டும் போதும். ‘போட்’ வேண்டாம், கட்டைகளைக் கயிறால் பிணைச்சது, உள்ளே குழிவு கிடையாது, இடுக்கு வழியா தண்ணி ஏறி இறங்கும். வள்ளம் குழிவான கலம், அதுக்கு ‘போட்’ சரி.

கடலோரம்: கயிறுன்னதும் ஒண்ணு. தென்னை நார் கயிறு ‘கொயர்’, மலையாளக் ‘கயர்’ வழி வந்தது. சி-க்கு அடுத்து ஒரு ஹெச் சேர்ந்தா சர்ச் பாடகர் குழு, ‘குவயர்’! ரெண்டும் சரியான சொல், அதனால ஸ்பெல்செக் சிவப்புக் கோடு போடாது. கண்ணால் பாருங்க.

முட்டம்வாசி: அட, நாலாம் பக்கத்தில் ‘குவயர்’தான் கிடக்கு. நன்றி அண்ணே.