கணினியில் திருத்திய படங்களைக் கேமரா திறக்க மறுக்கிறது: வழி கூற வேண்டுகிறேன்

குழுவினருக்கு வணக்கம். கணினியில் வண்ணம் திருத்தி ஜேபெக் கோப்புகளாகச் சேமித்த படங்களை, கேமராவைத் தொலைக்காட்சியில் இணைத்துக் காட்டுவதற்காக மீண்டும் நினைவக அட்டையில் ஏற்றினால், அவற்றின் சிறு முன்னோட்டம் மட்டும் தெரிகிறது. முழுப் படமாகத் திறக்க முயன்றால் ‘படத்தைக் காட்ட இயலாது’ என்ற செய்தி வருகிறது. கேமராவே எடுத்த படங்கள் அதே அட்டையிலிருந்து தடையின்றித் திறப்பதால், அட்டையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

கேமராக் கோப்புகளின் பெயரையும் கோப்புறை அமைப்பையும் வரையறுக்க 1998இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட டிசிஎஃப் விதிமுறை கேட்கிறபடியே, டிசிஐஎம் கோப்புறைக்குள், நான்கு எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் கொண்ட பெயர்களில்தான் அவற்றை வைத்திருக்கிறேன். (பெயரில் இத்தனை கெடுபிடி எதற்கோ!) ஆகவே கோளாறு கோப்பின் உள்ளமைப்பில் இருக்கலாம் என்று கருதுகிறேன். பல கேமராக்கள் பேஸ்லைன் ஜேபெக்கை (படத்தை மேலிருந்து கீழாக ஒரே ஓட்டத்தில் பதியும் எளிய வகை) மட்டுமே படிக்கும் என்பதால், திருத்தும் மென்பொருள் புரோகிரசிவ் முறையில் (மங்கலாகத் தொடங்கிப் பல கட்டங்களில் தெளிவாகும் வகை) சேமித்திருந்தாலோ, நிறத் தகவலை 4:2:2 அல்லது 4:2:0 எனக் குறைக்காமல் 4:4:4 ஆகவே, அதாவது முழு அளவிலேயே, வைத்திருந்தாலோ இவ்வாறு நேரக்கூடும்.

ஒரு கோப்பு இவற்றுள் எந்த வகையில் சேமிக்கப்பட்டுள்ளது என்பதை விண்டோஸ் கணினியில் எவ்வாறு கண்டறிவது? புரோகிரசிவ் கோப்புகளை, மறுபடியும் சுருக்கித் தரத்தைக் குறைக்காமலும் எக்சிஃப் தகவலை (எடுத்த தேதி, கேமரா அமைப்புகள் போன்ற குறிப்புகள்) இழக்காமலும், மொத்தமாகப் பேஸ்லைனுக்கு மாற்றும் இலவச மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் அதன் அமைப்புகளோடு தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.