வில்லி மங்கா: நாயகி தானாக முடிவெடுக்கிறாவா, கதை தெரிஞ்சதால தப்புறாவா?

பனங்காய்: யாழ்ப்பாணத்தில எங்கட வாசிப்பு வட்டத்தில அடுத்த கிழமை 'மை நெக்ஸ்ட் லைஃப் ஆஸ் எ வில்லனஸ்' எண்ட மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) பற்றிக் கதைக்கிறம். நாயகி கத்தரீனா, முற்பிறப்பில தான் விளையாடின காதல் கேமின்ர வில்லியாகப் பிறந்திருக்கிறா; அதால கேமின்ர முடிவு அவாவுக்கு முதலே தெரியும். அப்ப அவா எடுக்கிறதெல்லாம் சொந்த முடிவோ?

கீரிமலை வாசகி: பிரிச்சுப் பாருங்கோ. 8 வயசில தலையில அடிபட்டு முற்பிறப்பு ஞாபகம் வருது. முன்னால இருக்கிறது நாடு கடத்தல், இல்லாட்டிச் சாவு. அதுக்கு வாள் பயிற்சி, துரத்தினால் பிழைக்கத் தோட்ட வேலை, பாம்புக்குப் பயந்த இளவரசன் ஜியோர்டோவுக்கு எறிய விளையாட்டுப் பாம்பு. இவ்வளவும் கதை தெரிஞ்சதால வந்தது. ஆனால் விதியை மாத்தினது இதில ஒண்டும் இல்லை.

தன்ர மந்திரத்தால அவாவுக்குக் காயம் வந்திட்டுது எண்டு தத்துத் தம்பி கீத் அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கேக்க, கோடாலியால கதவைக் கொத்தி உடைச்சு உள்ளுக்குப் போறா. கீத்தைத் தனிய விடக்கூடாது எண்டது கதை தெரிஞ்சதால. கோடாலி அவான்ர குணம். இதைவிடப் பலமான இடம் அவான்ர தோழி மேரி. செடி வளர்க்கிற கை எண்டு மேரியைப் பாராட்டுறா. கேமில அது ஜியோர்டோவின்ர தம்பி ஆலன் மேரிக்குச் சொல்லுற வசனம், கத்தரீனாவுக்கு அந்த நினைப்பே இல்லை.

நல்லூரான்: உயிர் விசயத்தில ஒத்துக்கொள்ளுறன், காதலில இல்லை. எல்லாரும் அவாவை விரும்பவேணும் எண்டது வாசகர் எதிர்பார்ப்பு. அது உடையாமல் இருக்க, அவாவுக்கு ஒருத்தரின்ர மனமும் விளங்கக்கூடாது. விளங்காத ஆள் எப்பிடித் தெரிவு செய்யிறது? கதையின்ர பெரிய குறை எனக்கு இதுதான்.

மற்ற வில்லி மங்காக்களில விருந்து மண்டபத்தில இளவரசன் வில்லியோடயான நிச்சயதார்த்தத்தை முறிக்கிற காட்சியைப் பாருங்கோ. ஆதாரத்தைத் தேடினது ஆர், வாயைத் திறக்கிறது ஆர்? பக்கத்து நாட்டு இளவரசன் வந்து அவாவுக்காகப் பேசினால் வில்லி அங்க வெறும் பார்வையாளர். இந்தக் காட்சி கேம்களின்ர வழக்கமும் இல்லை, வலை நாவல்கள் வளர்த்தது. 1994 இல வந்த 'ஆஞ்சலிக்' எண்ட காதல் கேமில போட்டியாளர் ரொசாலியா திமிர் பிடிச்சவா, ஆனால் தோழியாகவும் வருவா.

பனங்காய்: கேமின்ர நாயகியையே கெட்டவளாக்கிற கதைகள்?

கீரிமலை வாசகி: கனக்கவற்றில அவளை முட்டாளாக்கி விடுவினம். பொய்யை அவளே எல்லாருக்கும் முன்னால உளறிப் பிடிபடுவாள்; பிறகு வில்லி செய்ய என்ன மிச்சம்? கத்தரீனாவின்ர கதையில கேம் நாயகியாக வாற மரியா அப்பிடியில்லை. நல்லவளாகவே இருக்கிறா, அதால கத்தரீனா தானே போய் அவாவோட பழகவேண்டி வருது.