ஏர் ஃபிரையரில் சர்க்கரைவள்ளி வறுவல்: மொறுமொறுப்பு வரவே மாட்டேன் என்கிறது

படுகைவீடு:

கொள்ளிடக் கரையில், திருவையாற்றுக்கு வடக்கே எங்கள் ஊர். தீபாவளிக்கு வந்த மகள் ஏர் ஃபிரையர் ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனாள். ‘அப்பாவுக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது, இனிமேல் இதிலேயே செய்’ என்று உத்தரவு வேறு. கத்தரிக்காய் சுடுகிறேன், வேர்க்கடலை வறுக்கிறேன், குறையில்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கில்தான் மானம் போகிறது.

திருவாதிரைக் களிக்கு ஏழுகறிக் கூட்டு வைக்க வாங்கிய கிழங்கு மிச்சம் இருந்தது. சிவப்புத் தோல், உள்ளே வெள்ளை. விரல் விரலாக நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம், கொஞ்சம் கடலெண்ணெய் போட்டுப் பிசறி, கூடை நிறையக் கொட்டி 200 டிகிரியில் 15 நிமிடம் வைத்தேன். மிளகாய்த்தூள் கருகி ஒரே நெடி. கிழங்கோ கையில் எடுத்தால் வாழைநார் மாதிரி தொங்குகிறது. இரண்டாம் முறை வாசனைக்குக் கறிவேப்பிலையும் போட்டேன். உள்ளே அடிக்கும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் மேலே இருக்கும் கம்பிச்சுருளில் ஒட்டிவிட்டது. போகி பத்து நாள் முந்தி வந்ததுபோல் அடுக்களை முழுக்கப் புகை. மூன்றாம் முறை 25 நிமிடம் வைத்துப் பார்த்தேன். நுனி கறுப்பு, நடுவில் கொழகொழ. இதில் ஒரு வேடிக்கை, தித்திப்பு மட்டும் எக்கச்சக்கம். சாம்பலில் புதைத்துச் சுட்ட கிழங்கு மாதிரி.

எண்ணெய்ச் சட்டி என்றால் எனக்குக் கண்ணே வேண்டாம். போட்டதும் சடசடவென்று இரையும். ஈரம் வற்ற வற்றச் சத்தம் இறங்கும். அடங்கினதும் அரித்து எடுத்தால் சரியாக இருக்கும். நாற்பது வருஷமாகக் காதால்தான் வறுவல் போடுகிறேன். இந்தப் பெட்டியில் எதைக் கேட்பது? பொங்கலுக்குப் பேத்தி வருகிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலக்காத்து:

அம்மா, நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். பாதி விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள், அந்தத் தித்திப்புதான். சர்க்கரைவள்ளியில் அமிலேஸ் என்று ஒரு நொதி உண்டு. கிழங்கு சூடேறும்போது சுமார் 60 டிகிரியிலிருந்து 75 டிகிரி வரை அதற்கு நல்ல வேலை. மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்கிற சர்க்கரையாக்கிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியைக் கிழங்கு நிதானமாகக் கடந்தால் தித்திப்பு ஏறும், மொறுமொறுப்புக்கு வேண்டிய மாவு குறையும். சாம்பலில் சுட்ட கிழங்கு தேனாக இனிப்பது இதனால்தான். உருளைக்கிழங்கில் இந்தக் கூத்து இந்த அளவுக்கு இல்லை, அதனால் அது சொன்ன பேச்சைக் கேட்கிறது.

ஆக, உங்கள் கிழங்கு மெதுவாகச் சூடாகிறது. கூடை நிறையக் கொட்டியது ஒரு காரணம். காற்று நடுவில் நுழைய முடியாமல், கிழங்கு விடும் ஆவியிலேயே கிழங்கு வேகிறது. கூடையின் அடி தெரிகிற மாதிரி ஒற்றை அடுக்காகப் போடுங்கள். அதற்கு முன்னால் வெறும் பெட்டியை 5 நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். மிச்சக் கிழங்கை ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் நாள்பட இருந்தால் அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் கட்டை தட்டும்.

கும்பகோணத்து அடுப்பு:

தம்பி காரணம் சொல்லிவிட்டார், கைவேலை நான் சொல்கிறேன். கிழங்கைச் சுண்டுவிரல் பருமனுக்கு, எல்லாம் ஒரே பருமனாக நறுக்குங்கள். ஒல்லியும் குண்டும் கலந்தால் நுனி கறுப்பதும் நடு கொழகொழப்பதும் ஒரே ஈட்டில் நடக்கும். நறுக்கினதைப் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். தண்ணீர் கழுநீர் மாதிரி கலங்கும், அது மேலே ஒட்டியிருக்கும் மாவு. வடித்து, பழைய வேட்டியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் இருபது நிமிடம். எடுத்துப் பார்த்தால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது.

அரைக் கிலோ கிழங்குக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார். முதலில் மாவைத் தூவிக் குலுக்க வேண்டும், எண்ணெய் அதற்குப் பிறகு, இரண்டு டீஸ்பூன் போதும். வரிசையை மாற்றினால் மாவு திட்டுத்திட்டாக நிற்கும். பச்சரிசி மாவு போடலாம் என்று பலர் சொல்வார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். எண்ணெய்ச் சட்டிக்கு அது அருமை, இந்தப் பெட்டியில் எண்ணெய் படாத இடத்தில் வெள்ளை வெள்ளையாக நின்று பச்சை வாடை அடித்தது. எனக்குச் சரிப்படவில்லை.

உப்பை முதலிலேயே போட்டதுதான் நீங்கள் செய்த பெரிய தப்பு. ஊறுகாய் மாங்காயில் உப்புப் போட்டால் என்ன ஆகும்? அதே மாதிரிதான் இதுவும் தண்ணீர் விடும். உப்பும் காரமும் எல்லாம் இறக்கின பிறகு, சூட்டோடு. காரத்துக்கு மிளகாய்த்தூள் வேண்டாம், நாலு மோர்மிளகாயை வறுத்து, கொஞ்சம் சீரகமும் பெருங்காயமும் சேர்த்துப் பொடித்துத் தூவுங்கள். அந்த லேசான புளிப்பு கிழங்கின் தித்திப்போடு சேரும்போது வேறு ஒன்றும் தொட்டுக்கொள்ள வேண்டாம். மோர்மிளகாயில் உப்பு இருக்கும், பார்த்துப் போடுங்கள். கறிவேப்பிலையையும் வறுத்து இந்தப் பொடியிலேயே சேர்த்துவிட்டால் பறக்காது.

படுகைவீடு:

இரண்டு பேர் சொன்னதையும் நேற்று அப்படியே செய்தேன். வேட்டிக்கு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு கதை. கிழங்கு முன்னைவிடத் தேவலை. மேல் தோல் மாதிரி ஒன்று பிடித்திருக்கிறது, ஆனால் தட்டில் வைத்த இரண்டாவது நிமிடமே தொய்ந்துவிட்டது. தித்திப்பும் குறையவில்லை.

ஒன்று கவனித்தேன், சொன்னால் சிரிக்காதீர்கள். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எப்போதும் செய்கிறேன். பெட்டி ‘ஊய்’ என்று ஓடிக்கொண்டிருக்கும்போது படுகையில் வாழைக்கு மோட்டார் போட்டார்கள். உடனே சத்தம் இறங்கி, முனகுகிற மாதிரி ஆகிவிட்டது. மூன்று தடவையும் இந்த முனகல்தான் கேட்டது, இப்போது நினைத்துப் பார்த்தால் புரிகிறது. பெட்டியில் ஏதாவது கோளாறா?

வயர்மேன் தம்பி:

அக்கா, யார் சிரிப்பது? நீங்கள் காதால் கண்டுபிடித்ததை நாங்கள் மீட்டர் வைத்துப் பார்ப்போம். பெட்டியில் கோளாறு இல்லை, வோல்டேஜ் இறங்குகிறது. உங்கள் தெருவுக்கும் கொல்லை மோட்டார்களுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மராக இருக்கும்.

கணக்கு இதுதான். ஹீட்டர் சுருளில் வோல்டேஜ் குறைந்தால் சூடு அதே அளவில் குறையாது, அதன் வர்க்கமாகக் குறையும். 1500 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது 230 வோல்ட்டுக்குச் சொன்னது. 180 வோல்ட் வந்தால் சுமார் 920 வாட்தான் கிடைக்கும். விசிறியும் மெதுவாகச் சுற்றும். முகப்பில் 200 என்று காட்டுவதை நம்பாதீர்கள், பெரும்பாலும் அது நீங்கள் கேட்ட டிகிரி, உள்ளே இருக்கும் டிகிரி இல்லை. கிழங்கைக் குலுக்க ஒரு தடவை கூடையை வெளியே இழுத்தால் போன சூடு திரும்ப ஏற அதற்கு மூச்சு முட்டும்.

உங்கள் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் உள்ளே வரும் வோல்டேஜ் எண் தெரிந்தால் மோட்டார் ஓடும்போதும் நின்ற பிறகும் பார்த்துச் சொல்லுங்கள். ஆனால் பெட்டியை அந்த ஸ்டெபிலைசரில் சொருகிவிடாதீர்கள், அது ஃபிரிட்ஜுக்கான அளவு, இந்தச் சுமையைத் தாங்காது. 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர் இழுக்கும். மிக்சி போடும் சின்னப் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ போடாமல் பெரிய பவர் பாயிண்டில் போடுங்கள்.

மேலக்காத்து:

வயர்மேன் சொன்னதும் என் கணக்கும் ஒன்றாகிவிட்டது. 920 வாட்டில் கிழங்கு அந்த 60–75 டிகிரியில் வெகு நேரம் உட்கார்ந்திருக்கும். தித்திப்பு ஏறாமல் என்ன செய்யும்? எனக்கு இது தோன்றவே இல்லை, நான் இருப்பது சென்னையில்.

உய்யக்கொண்டான்:

நடுவில் ஒரு கேள்வி. திருச்சியில் கடையில் உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் கிழங்கு கிடைக்கிறது. அது நன்றாக வருமா?

கும்பகோணத்து அடுப்பு:

நிறம் அழகு, சத்தும் உண்டு, ஆனால் வறுவலுக்கு நான் வாங்க மாட்டேன். பூசணி மாதிரி ஈரம் அதிகம். வெள்ளை உள்ளே இருப்பதில்தான் மாவு.

மேலக்காத்து:

கேரட்டுக்கு நிறம் தரும் அதே பீட்டா கரோட்டின்தான் அந்த ஆரஞ்சு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூ சோனா அந்த வகை, பூ கிருஷ்ணா ஊதா. ஆரஞ்சில்தான் செய்வேன் என்றால் இன்னும் மெல்லிசாக நறுக்கி, நேரத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். வெள்ளை அளவுக்கு வராது.

படுகைவீடு:

ஸ்டெபிலைசரைப் பார்த்தேன் தம்பி. மோட்டார் ஓடும்போது 178. நின்ற பிறகு 221. அந்த எண் பத்து வருஷமாக அங்கேயே மினுங்கிக்கொண்டிருக்கிறது, ஒரு நாளும் நான் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

இன்று காலை பதினொரு மணிக்கு, மோட்டார் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்தேன். ஊறவைத்தது, உலர்த்தினது, மாவு, எண்ணெய் எல்லாம் அடுப்பு அக்கா சொன்ன வரிசையில். வெறும் பெட்டி 5 நிமிடம். அப்புறம் ஒற்றை அடுக்காக 8 நிமிடம், ஒரு குலுக்கல், மறுபடியும் 6 நிமிடம். ‘ஊய்’ சத்தம் கடைசிவரை இறங்கவில்லை. கூடையைக் குலுக்கும்போது இன்னொரு சத்தம் வந்தது பாருங்கள், காய்ந்த புளியங்கொட்டையை முறத்தில் புடைக்கிற மாதிரி கலகலவென்று. முன்பெல்லாம் சொத்சொத்தென்றுதான் விழும். கேட்க ஒன்றுமில்லை என்று நினைத்த பெட்டியில் கேட்க வேண்டியது இதுதான் போலிருக்கிறது.

தட்டில் கொட்டி மோர்மிளகாய்ப் பொடி தூவினேன். ஒடித்தால் டக்கென்று ஒடிகிறது, உள்ளே பஞ்சு மாதிரி. பத்து நிமிடம் கழித்தும் நிமிர்ந்தே நின்றது. சுகர் இருப்பவர் என்று அவருக்கு எண்ணி ஆறு வைத்தேன், திரும்பி வந்து பார்த்தால் தட்டில் பாதியைக் காணோம்.

பொங்கலன்று சாயங்காலம் மோட்டார் போடக் கூடாது என்று அவரிடம் சொல்லியாயிற்று. பக்கத்துக் கொல்லைக்காரரிடம் யார் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஒரு தட்டு வறுவலோடு போய்ப் பார்க்கிறேன்.